முத்துசாமியின் முகம்

2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில் சிங்கப்பூரில் ஒரு விளம்பரம் வெளியாயிற்று. ரொக்கமின்றி மின்வழியே பணம் செலுத்தும் ஏற்பாடு எல்லா மக்களுக்கும் உரியது என்று அறிவிக்க வந்த விளம்பரம் அது. படத்தில் நால்வர் இருந்தனர். ஒருவர் முக்காடிட்ட மலாய்ப் பெண். இன்னொருவர் கறுத்த மேனியர். அவர் அணிந்திருந்த பெயரட்டையில் ‘கே. முத்துசாமி’ என்று எழுதியிருந்தது. உற்று நோக்கியவர்களுக்கு உண்மை விளங்கிற்று. நால்வரும் ஒருவரே. சீன இனத்து நடிகர் ஒருவருக்கு நான்கு வேடம் புனைந்திருந்தார்கள். முத்துசாமி வேடத்திற்காக அவருடைய மேனியில் கறுப்பு ஏற்றியிருந்தார்கள்.

எதிர்ப்பு எழுந்தது. மின்வழிப் பணம் அனைவருக்கும் உரியது என்பதே தங்கள் செய்தி என்றும், பல வேடங்களைத் தாங்க வல்லவர் என்பதாலேயே இந்நடிகரைத் தேர்ந்ததாகவும் விளம்பர முகமை விளக்கம் தந்தது. பின்னர் மன்னிப்பும் கேட்கப்பட்டது. விளம்பரம் நீக்கப்பட்டது. சட்ட அமைச்சர் சண்முகமும் அதைக் குறைகூறினார். ஆயினும் விதிமீறல் ஏதுமில்லை என்று ஊடக ஆணையம் அறிவித்தது. அவ்விளம்பரத்தின்மேல் சினங்கொண்டு பாட்டுக் காணொளி வெளியிட்ட இந்திய வழியினரான உடன்பிறந்தார் இருவருக்கோ காவல்துறை 24 மாத நிபந்தனை எச்சரிக்கை வழங்கிற்று. அக்காணொளியின் வசைமொழி நமக்கு உடன்பாடன்று. ஓர் இனத்தைப் பழித்து இன்னோர் இனத்தின் மானத்தைக் காக்க இயலாது. எனினும் அந்தச் சினம் எங்கிருந்து பிறந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்கு வாழ்வோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் இந்திய வழியினர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். முத்துசாமி என்னும் பெயருடையவர் அந்நகரில் தேடியும் கிடைக்காதவர் அல்லர். அவரை அழைத்து, நாட்கூலி கொடுத்து, நிழற்படக் கருவியின் முன் நிறுத்த ஒரு பிற்பகல் போதும். அது எவருக்கும் தோன்றவில்லை. பெயரை எடுத்துக்கொண்டார்கள், நிறத்தை எடுத்துக்கொண்டார்கள், ஆளை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள். அனைவருக்கும் உரியது என்று முழங்கிய படத்திலேயே அவருக்கு இடம் இல்லாமற் போயிற்று.

இந்நிகழ்ச்சியை அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட நம்மால் முடியவில்லை. சிங்கப்பூரில் முத்துசாமி வேடமாகவாவது இருந்தார். அவருடைய மூதாதையரின் மண்ணில், அவருடைய மொழியில் வரும் விளம்பரங்களில், அவர் வேடமாகக்கூட இல்லை.

இன்று இரவு வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும் விளம்பரங்களுள் பத்தை மட்டும் ஒலியை அடக்கிவிட்டுப் பாருங்கள். பலவற்றில் உதடுகள் இந்தியில் அசைவது தெரியும். மும்பையில் படமாக்கி, தமிழில் குரல் மட்டும் ஏற்றி அனுப்பப்பட்டவை அவை. ஒலியைத் திறந்தால் அந்த உதடுகளிலிருந்து மதுரைக்கும் கோவைக்குமான தமிழ் வருகிறது. தாய் வெளுத்திருக்கிறாள், மகள் வெளுத்திருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பெண்மணியும் வெளுத்திருக்கிறாள். பாத்திரம் துலக்கும் பொருளையும் தலைவலித் தைலத்தையும் வாங்கும் கோடிக்கணக்கான கைகளின் நிறம் அத்திரையில் எங்கும் இல்லை. பட்டுப்புடவைக் கடைகளும் நகைக்கடைகளும் சாலையோரத்தில் எழுப்பும் பெரும் பலகைகளிலும் பெரிதும் இதே நிலைதான். அப்பலகையின் கீழே பூக்கூடையுடன் அமர்ந்திருப்பவர் அதே கடையில் தீபாவளிக்குப் புடவை எடுப்பவர். அவருடைய பணம் கடைக்கு வேண்டும். அவருடைய முகம் வேண்டியதில்லை.

விளம்பரம் பிறந்த காலத்திலிருந்தே கறுத்த மேனிக்கு அது தந்துவந்த பாத்திரங்கள் எவை என்று பார்ப்பது பயன் தரும்.

1884இல் இங்கிலாந்தில் வெளியான பியர்ஸ் சோப்பு விளம்பரம் ஒன்று வரலாற்று நூல்களில் இன்றும் காட்டப்படுகிறது. அதில் இரண்டு படங்கள். மேற்படத்தில் கறுப்பினச் சிறுவன் தொட்டியில் அமர்ந்திருக்கிறான். வெள்ளைச் சிறுவன் சோப்பை நீட்டுகிறான். கீழ்ப்படத்தில் குளியல் முடிந்துவிட்டது. கறுப்பினச் சிறுவனின் உடல் கழுத்து வரை வெளுத்திருக்கிறது. தலையும் முகமும் மட்டும் பழைய நிறத்தில் நிற்கின்றன. வெள்ளைச் சிறுவன் கண்ணாடியைப் பிடித்துக் காட்டுகிறான். ஒரு மனிதனின் நிறத்தை அழுக்கு என்று கருதினால் மட்டுமே இப்படத்தை வரைய இயலும். பேரரசு தன் குடியேற்ற நாட்டு மக்களைப் பார்த்த பார்வை ஒரு சோப்புக் கட்டியின் உறையாகச் சுருங்கி, வீட்டுக் குளியலறைக்குள் நுழைந்தது.

அமெரிக்காவில் 1889இல் ‘ஆன்ட் ஜெமைமா’ என்னும் பெயரில் அப்ப மாவு விற்பனைக்கு வந்தது. அப்பெயரைத் தாங்கி நடிக்க அமர்த்தப்பட்டவர் நான்சி கிரீன். கென்டகி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1893இல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் கூட்டத்தின் நடுவே நின்று அப்பம் சுட்டுக் கொடுத்து, கதைகள் சொல்லிச் சிரித்தார். ‘ஆன்ட்’ என்றால் அத்தை. நம் மொழியில் அத்தை என்பது உறவும் மதிப்பும் கலந்த விளி. அந்நாட்டின் தென்மாநிலங்களிலோ, திருமதி என்ற மரியாதை அடைமொழியைக் கறுப்பினப் பெண்ணுக்குக் கொடுக்க மனமில்லாதவர்கள் கண்டுபிடித்த மாற்று அது. அடிமை மகிழ்ச்சியோடுதான் பணி செய்தாள் என்று வெள்ளையர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்ட ஆறுதல், அந்தப் பெட்டியின் மேல் 130 ஆண்டுகள் சிரித்துக்கொண்டிருந்தது. நான்சி கிரீன் 1923இல் இறந்தார். அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் 2020இல்தான் வைக்கப்பட்டது.

கீழை நாடுகளும் விலக்கல்ல. 1933இல் ஷாங்காயில் தோன்றிய பற்பசை ஒன்று, கறுப்பினத்தாரை இழித்துச் சொல்லும் ‘டார்க்கி’ என்ற ஆங்கிலச் சொல்லையே தன் பெயராக வைத்துக்கொண்டது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தாரைப் போல ஆடும் மேடைக் கூத்தாடியின் சாயலில் அமைந்த படம் அதன் பெட்டியில் இருந்தது. அந்நிறுவனத்தில் அமெரிக்கக் கோல்கேட் நிறுவனம் பங்கு வாங்கிய பிறகு அமெரிக்காவில் கண்டனம் எழுந்தது. 1989இல் ஆங்கிலப் பெயர் ‘டார்லி’ என்று மாறிற்று. சீன எழுத்திலோ ‘கறுப்பு மனிதர் பற்பசை’ என்ற பெயர் அதன் பின்னும் முப்பதாண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. கண்டிப்பவர்கள் படிக்கும் மொழியில் ஒரு பெயர், வாங்குபவர்கள் படிக்கும் மொழியில் வேறொரு பெயர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழர் வீடுகள் பலவற்றின் குளியலறையில் இருந்த பற்பசை இது. பெயர் மாற்றம் என்பதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1975இல் அன்றைய இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மேற்சொன்ன பியர்ஸ் சோப்பையும் இந்தியாவில் இன்று விற்பது அதே நிறுவனந்தான். 1884ஆம் ஆண்டுப் படத்தில் கழுவியும் போகாமல் எஞ்சி நின்றது முகம். அந்த முகத்தைச் சரிசெய்து தருவதாகச் சொல்லிக்கொண்டு ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்துக் களிம்பு வந்தது. கறுப்பு அதுவரை அழுக்காக இருந்தது, இப்போது நோயாயிற்று. நோய் என்றால் அளவிட வேண்டுமல்லவா? பெட்டிக்குள் நிற அட்டை வந்தது. கருமையில் தொடங்கிப் படிப்படியாக வெளுத்துச் செல்லும் கட்டங்கள் கொண்ட சிறு துண்டு அது. பள்ளி முடித்த பெண்பிள்ளைகள் அதைக் கன்னத்தோரம் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்கள். போன வாரம் எந்தக் கட்டம், இந்த வாரம் எந்தக் கட்டம் என்று அக்காளும் தங்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல்காரர் வெப்பமானியைப் பார்ப்பதுபோல் ஒரு தலைமுறைப் பெண்கள் தம் முகத்தைப் பார்க்கப் பழகினார்கள்.

விளம்பரக் கதைகள் இந்த நோய்க்கு விலை குறித்தன. தனக்கொரு மகன் இல்லையே என்று தந்தை வருந்துகிறார், மகள் அதைக் கேட்டுவிடுகிறாள், களிம்பு பூசுகிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள், பெற்றோர் பெருமிதம் கொள்கிறார்கள். பெண்ணாய்ப் பிறந்ததும் ஒரு குறை, கறுப்பாய்ப் பிறந்தது இரண்டாம் குறை, இரண்டுக்கும் ஒரே மருந்து. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதனை எதிர்த்து முறையிட்டது. 2003இல் மத்திய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறை தலையிட்ட பிறகே அத்தகைய விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. ஆனால் சந்தை அடங்கவில்லை. 2005இல் ஆண்களுக்கென்று தனிக் களிம்பு வந்தது. முன்னணித் திரை நடிகர் அதற்கு முகம் கொடுத்தார். சமத்துவம் இவ்வழியாகவும் வரும் போலும் என்று எண்ணி வருந்த வேண்டியதாயிற்று.

2020ஆம் ஆண்டு மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பினத்தவர் காவலரின் முழங்காலுக்கு அடியில் உயிர்விட்டார். உலகெங்கும் கொதிப்பு எழுந்தது. ‘ஆன்ட் ஜெமைமா’ என்னும் பெயரைக் கைவிடுவதாக அதன் நிறுவனம் ஜூன் திங்களில் அறிவித்தது. அதே திங்களில் ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்குவதாக இந்துஸ்தான் யூனிலீவரும் அறிவித்தது. அடுத்த திங்களில் களிம்பு ‘குளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. வெளுப்பு போய்ப் பொலிவு வந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே பெட்டியிலிருந்த இரட்டை முகமும் நிற அட்டையும் விலக்கப்பட்டிருந்தன. வரவேற்கத்தக்க மாற்றங்களே. இருந்தும் ஒன்றைக் கருத வேண்டும். நம் நாட்டுப் பெண்கள் பல ஆண்டுகளாக எழுப்பிய குரலுக்குக் கிடைக்காத செவி, கடல்கடந்து ஒரு மனிதன் மூச்சடங்கியபோதுதான் கிடைத்தது. நெஞ்சு மாறியதால் வந்த மாற்றமாயின் அது முகங்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் தெரிந்திருக்க வேண்டும். அங்கே அது தெரியவில்லை. ‘பொலிவு’ பெற்ற முகமாக விளம்பரங்கள் காட்டுவது பெரும்பாலும் அதே வெளுத்த முகத்தைத்தான்.

இதில் நமக்கு மட்டும் உரிய துயரம் ஒன்று உண்டு. இப்பார்வை நம் மொழியின் மூத்த மரபுக்கு நேர்மாறானது. பழந்தமிழ் அகப்பாடல்களில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிர் போன்ற நிறம் என்று உரையாசிரியர்கள் அதனை விளக்குவர். தலைவன் பிரிந்தபோது அவள்மேல் படரும் வெளிறிய நிறத்திற்குப் பசலை என்று பெயர். பசலைதான் அங்கே நோய். தன் இயல்பான நிறத்தைப் பசலை உண்கிறதே என்பதுதான் தலைவியின் புலம்பல். திருக்குறளில் அதற்கென்றே ‘பசப்புறு பருவரல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. முல்லை நிலத்துத் தெய்வம் கருநிறம் கொண்ட மாயோன். வெளிறிப்போவதை நோய் என்றும் மாநிறத்தை நலம் என்றும் பாடிய மொழியில், மாநிறத்தை நோயாக்கி வெளிறலை மருந்தாக்கிய விளம்பரங்கள் ‘சிவப்பழகு’ என்ற சொல்லைப் பரப்பின. அச்சொல்லை நாம் எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டோம்.

ஏற்றுக்கொண்டோம் என்று சொல்வது மனமறிந்தே. குற்றம் முழுவதையும் களிம்புக் குப்பியின் மேல் ஏற்றிவிட்டு நாம் கைகழுவ முடியாது. ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று பெண்பார்க்கப் போய்வந்த வீட்டில் சொல்லும் சொல்லை விளம்பரக்காரர் எவரும் எழுதித் தரவில்லை. அந்த ‘இருந்தாலும்’ நம்முடையது. ‘பொண்ணு நல்ல கலர்’ என்றால் எந்த நிறம் என்று எவரும் கேட்பதில்லை. நிறம் என்ற சொல்லே ஒரு நிறத்துக்கு மட்டும் உரியதாகிவிட்டது. வட்டாரப் பெண்ணின் பாத்திரத்துக்கு வெளுத்த நடிகையை அழைத்துவந்து கறுப்புச் சாயம் பூசி நிறுத்தும் வழக்கம் நம் திரையுலகுக்குப் புதிதன்று. சிங்கப்பூரில் நடந்தபோது கொதித்த நாம், சொந்த மண்ணில் நடந்தபோது ஒப்பனைக் கலைஞரைப் பாராட்டினோம். கறுத்த நடிகரைக் கரிக்கட்டை என்று ஏசுவதை நகைச்சுவை என்று பெயரிட்டுக் குடும்பத்தோடு சிரித்தோம். ஆப்பிரிக்க நாட்டவரை நம் படங்கள் காட்டியிருக்கும் விதத்தை நினைத்தால், பியர்ஸ் விளம்பரத்தை வரைந்தவரைப் பழிக்கும் உரிமை நமக்கு முழுதாக உண்டா என்ற ஐயம் எழுகிறது.

அண்மையில் மாவட்டத் தலைநகர் ஒன்றில் பதாகை அச்சிடும் கடையில் நாம் கண்ட காட்சி நெஞ்சை விட்டு அகல மறுக்கிறது. தாயை இழந்த ஒருவர் கண்ணீர் அஞ்சலிப் பேனர் அடிக்க வந்திருந்தார். கைபேசியில் இருந்த படத்தைக் கொடுத்தார். எண்பது ஆண்டு வெயிலில் பழுத்த முகம். காதில் தண்டட்டி தொங்கிய துளை. நெற்றி நிறையத் திருநீறு. கணினியின் முன் இருந்த இளைஞர் கேட்காமலே அம்முகத்தைச் சுற்றி வட்டமிட்டு, இரண்டு மூன்று சொடுக்கில் வெளுக்க வைத்தார். சுருக்கங்கள் மறைந்தன. திருநீறும் தோலும் ஒரே நிறமாயின. ‘அம்மா இப்படி இருக்க மாட்டாங்களே தம்பி’ என்றார் மகன். ‘பேனர்ல இப்படி வெச்சாத்தாண்ணே எடுப்பா இருக்கும்’ என்றார் இளைஞர். மகன் சற்று நேரம் திரையைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையசைத்தார். தன்னைப் பெற்ற முகம் தெருவில் நிற்கத் தகுதியற்றது என்பதை ஒரு மகன் துக்கத்தின் நடுவிலும் ஒப்புக்கொண்டார். அந்த இளைஞரையோ அந்த மகனையோ நாம் குறைகூற மாட்டோம். ஐம்பதாண்டு விளம்பரம் அவர்கள் இருவர் கண்ணுக்குள்ளும் அமர்ந்திருந்தது.

மக்கள் விரும்புவதைத்தான் தருகிறோம் என்பது விளம்பரத் துறையினர் எப்போதும் சொல்லும் மறுமொழி. மக்களின் விருப்பம் முன்னமே முடிவாகிவிட்ட ஒன்றானால், அதை உண்டாக்க ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் ஏன் செலவிடுகிறார்கள்? விருப்பத்தை வளர்க்கும் வலிமை தமக்கு உண்டு என்று விளம்பரம் கொடுப்பவரிடம் சொல்லிப் பணம் பெறுகிறவர்கள், பழி வரும்போது மட்டும் தம்மை வெறும் கண்ணாடி என்று சொல்லிக்கொள்வது நேர்மையாகாது. நடிப்பு என்றாலே வேடந்தானே, எவரும் எவராகவும் நடிக்கலாமே என்பது இன்னொரு மறுமொழி. எல்லாருக்கும் மேடையில் இடம் இருக்கும் நாட்டில் அது பொருந்தும். முத்துசாமியாக நடிக்கவே முத்துசாமிக்கு வாய்ப்பில்லாத இடத்தில், இன்னொருவர் அவராக நடிப்பது அவருக்குரிய வாய்ப்பைப் பறிப்பதாகும்.

வேறு வழி இல்லை என்றும் சொல்ல இயலாது. 2013இல் அமெரிக்காவில் ‘சீரியோஸ்’ என்னும் காலையுணவுக்கு ஒரு விளம்பரம் வந்தது. அவ்வுணவு இதயத்திற்கு நல்லது என்று வெள்ளையினத் தாய் சொல்லக் கேட்ட சிறுமி, உறங்கும் கறுப்பினத் தந்தையின் நெஞ்சின்மேல் பெட்டியிலிருந்ததைக் கொட்டிவிடுகிறாள். அவர் விழித்தெழும்போது தானியம் சிதறி விழுகிறது. அவ்வளவே கதை. அந்த மனிதர் அதில் பணியாளரல்லர், பாட்டுக்காரரல்லர், பரிதாபத்துக்குரியவரும் அல்லர். ஒரு குழந்தையின் தந்தை. அதற்கே இனவெறிப் பேச்சு இணையத்தில் கொட்டியது. நிறுவனம் விளம்பரத்தை விலக்கவில்லை. மறு ஆண்டு அந்நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு ஒளிபரப்பில் அதே குடும்பத்தை மீண்டும் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் அதே 2013இல் கௌரி ஷிண்டே இயக்கிய நகை விளம்பரம் ஒன்று, மாநிறப் பெண்ணை மணக்கோலத்தில் காட்டியது. அவள் மறுமணம் செய்பவள். சிறு மகளுக்குத் தாய். அவளுடைய நிறத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நாம் வேண்டுவதும் அதுவே. நிறத்துக்குப் புகழ்மாலை சூட்டும் விளம்பரங்கள் வேண்டியதில்லை. கறுத்தவர் வீடு வாங்குபவராக, வங்கிக் கணக்குத் தொடங்குபவராக, மருத்துவராக, மணப்பெண்ணாக, தாத்தாவாகப் படத்தில் இருந்தால் போதும்.

இந்த அறத்துக்காக நின்றவர்களும் நம்மிடையே உண்டு. 2009இல் சென்னையில் கவிதா இம்மானுவேல் தொடங்கிய ‘கறுப்பே அழகு’ இயக்கம், நடிகை நந்திதா தாஸ் துணைநின்றபோது நாடறிந்ததாயிற்று. வெளுப்புக் களிம்பு விளம்பரத்தில் நடிக்க மறுத்துப் பெருந்தொகையை விட்டுக்கொடுத்தவர் நடிகை சாய் பல்லவி. பொருளை இழந்து கொள்கையைக் காத்த செயல் அது.

சட்டத்தின் நிலை என்ன? 1994ஆம் ஆண்டின் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகளே, இனத்தையும் சாதியையும் நிறத்தையும் எள்ளும் விளம்பரங்களுக்குத் தடை விதித்திருக்கின்றன. கறுத்தவர்களை அழகற்றவராகவும் துயருற்றவராகவும் வாழ்வில் தோற்றவராகவும் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2014இல் நெறி வகுத்தது. ஆனால் அம்மன்றம் துறையினரே அமைத்துக்கொண்டது. தோலை வெளுப்பாக்குவதாகச் சொல்லும் விளம்பரங்களையும் 1954ஆம் ஆண்டின் மாயமருந்துத் தடைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்து, சிறையும் தண்டமும் விதிக்க 2020இல் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. அது சட்டமாகவில்லை. 2013இல் 79 ரூபாய்க்கு ஆண்களுக்கான களிம்பை வாங்கிப் பூசி ஏமாந்த ஒருவர் தொடுத்த வழக்கில், 2024 டிசம்பரில் தில்லி நுகர்வோர் ஆணையம் அக்களிம்பைத் தயாரித்த நிறுவனத்துக்கு 14.5 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. தீர்ப்பு வரவேற்கத்தக்கது. ஆனால் ஒரு தனிமனிதர் பத்தாண்டுக்கு மேல் நீதிமன்ற வாயிலில் நின்று பெற வேண்டிய நீதியாக இது இருத்தல் ஆகாது.

எனவே நாம் வலியுறுத்துவன இவை. முடங்கிக் கிடக்கும் திருத்த வரைவை மத்திய அரசு தூசுதட்டி எடுத்துச் சட்டமாக்க வேண்டும். பொதுப்பணத்தில் வெளியாகும் விளம்பரங்கள் யாவும், மாநில அரசுடையவையாயினும் பொதுத்துறை நிறுவனங்களுடையவையாயினும், இந்நாட்டு மக்களின் முகங்களையே தாங்கி வர வேண்டும்; மகப்பேறு நிதியுதவிக்கான பதாகையில் தமிழ்த்தாயின் முகம் இருப்பதற்கு எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கடை விரித்துத் தமிழ் மக்களால் வளர்ந்த துணிக்கடை, நகைக்கடை உரிமையாளர்கள், தம் பலகையில் தம் வாடிக்கையாளரை நிறுத்தும் துணிவைக் காட்ட வேண்டும். முகத்தைத் தேர்ந்தெடுக்கும் அறையில் அமர்ந்திருப்பவர்கள் யார் என்பதும் மாற வேண்டும். சிங்கப்பூரில் அந்த விளம்பரத்துக்கு ஒப்புதல் தந்த மேசையைச் சுற்றி ஒரு முத்துசாமியாவது இருந்து வாய்திறந்து பேசியிருந்தால், அப்படம் அச்சுக்குப் போயிருக்காது என்றே நாம் கருதுகிறோம்.

பிறருக்கு இவ்வளவு சொன்ன பின் நம் வீட்டையும் பார்த்தாக வேண்டும். இதழ்கள் விளம்பரத்தால் வாழ்பவை, இவ்விதழும் அப்படியே. மணமக்கள் தேவை என்ற தலைப்பின்கீழ் வாரந்தோறும் வரும் சிறு வரிகளும் விளம்பரங்களே. படிப்பு, சம்பளம், நட்சத்திரம் ஆகியவற்றுக்கு நடுவே ‘சிவந்த நிறம்’, ‘நல்ல நிறம்’ என்ற சொற்களை எழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு நாமும் அச்சிட்டு வந்திருக்கிறோம். அவ்வரிகளைப் படித்துவிட்டு இதழை மடித்து வைத்த பெண்கள் எத்தனை பேர் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. அது நம் பிழை. அடுத்த இதழ் முதல் நிறத்தைக் குறிக்கும் எந்தச் சொல்லும் இவ்விதழின் மணமக்கள் பகுதியில் இடம்பெறாது. அச்சொல் இன்றி விளம்பரம் தர விரும்பாதவர்களின் பணத்தை இன்முகத்தோடு திருப்பித் தருவோம்.